பின்னால் பெஞ்சு வைத்த வண்டி

செல்வம்,

அன்றைக்கு வண்டியில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருத்தரும் என்னை விட்டுவிட்டாய் என்று சண்டைக்கு வரக்கூடாது. ஸ்டியரிங் பிடித்தது என் தம்பி மணி, உன் மாமா. அவன் பக்கத்தில் உன் அப்பா. நடு சீட்டில் ஜன்னலோரம் உன் அத்தை பட்டம்மாள், நடுவில் உன் ஆயா, இந்தப் பக்கம் உன் அக்கா கலா. கடைசியில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. ஒன்றில் நான், ஒன்றில் நீ. வண்டியைக் கொடுத்தனுப்பின அஸ்தினாபுரத்து சார் கேட்டுக்கு வெளியே நின்றார், அவர் வீட்டம்மா கேட்டுக்கு உள்ளே நின்றாள். எல்லார் பேரையும் சொல்லிவிட்டு உன் அப்பா பேரை மட்டும் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். காஞ்சிபுரத்துச் சாமி பேர் அவருக்கு. அதனால் அந்தக் கோயிலைக்கூட நான் பெரிய கோயில் என்றுதான் சொல்வேன். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் உன்னை முன்னால் தள்ளிவிடுவேன். நீ கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாய். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள், நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து போன் பண்ணினாய். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன் என்றாய். ஒன்று உயரமானது, கடைசியில் மடக்குகிற சீட்டு வைத்தது, ஏழெட்டு பேர் தாராளமாக உட்காரலாம். இன்னொன்று சின்ன கார். "சின்னதே போதும்னு தோணுதும்மா. நாங்க நாலு பேர்தானே, எதுக்கு அவ்ளோ பெரிய வண்டி" என்றாய். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ம்மா, லைன்ல கீறியா?" என்று கேட்டாய். ஓசூருக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் அவசரத்தில் நம்ம ஊர்ப் பேச்சு வருகிறது உனக்கு, அது ஒரு சந்தோஷம். "கீறேன்" என்றேன். "காசு ஏறிக்கினே போவுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். நீ சொன்ன வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். உன் வாயில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அதற்காக உன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லாதே. நீயே மெதுவாகப் படி.

அந்தப் பெஞ்சு வண்டி வருகிறவரைக்கும் நாம் எப்படிப் போய்வந்தோம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? உன் அப்பாவிடம் ஒரு ஸ்கூட்டர். அதில் அவர், பின்னால் நான், நடுவில் நெருக்கிக்கொண்டு கலா. உன்னையும் ஆயாவையும் பஸ்ஸில் அனுப்புவோம். ஒரு கல்யாணத்துக்கோ காது குத்துக்கோ நாம் எல்லாரும் ஒன்றாகப் போய் இறங்கினது கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் என் சித்தி மகள் கல்யாணத்தில் நாங்கள் மூன்று பேரும் முதல் பந்தியில் சாப்பிட்டோம், நீயும் ஆயாவும் தாலி கட்டி முடித்து மண்டபம் பாதி காலியான பிறகு வியர்த்து வழிந்துகொண்டு வந்தீர்கள். மண்டப வாசலில் நின்றுகொண்டு உன் அத்தை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "இந்தக் குடும்பம் தவணையிலதான் வரும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததால் மறந்துவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நிலத்தை மனை போட்டு விற்று, ராஜகீழ்ப்பாக்கத்தில் சிமெண்ட்டும் கம்பியும் விற்கிற கடை வைத்து, அது கொஞ்சம் நின்று எழுந்த சமயம் அது. நீ பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்த வெயில்காலம். கலாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம். அஸ்தினாபுரத்து சார் வீடு கட்ட நம் கடையில்தான் சரக்கு எடுத்தார். அவர் டெல்லியில் இருக்கிற மகளோடு போய் இருக்கப்போகிறார், வண்டியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்றார். ஜீப்பும் இல்லை, வேனும் இல்லை. ஜீப்பை நீட்டி, மேலே கூரை அடித்து, பக்கத்துக்குக் கண்ணாடி வைத்து, உள்ளே மெத்தை போட்ட வண்டி. டாக்டர் வீட்டு வாசலில்தான் அந்த மாதிரி நிற்கும். "ஒரு நாள் பூரா எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க. குடும்பத்தோட போய்ட்டு வந்து முடிவு சொல்லுங்க" என்றார். நல்ல மனுஷன். அவர் வீட்டம்மாதான், நாம் ஏறுவதற்கு முன்னால் உள்ளேயிருந்து பழைய போர்வை ஒன்றை எடுத்துவந்து நடு சீட்டு மேல் விரித்தாள். "சீட்டுத் துணி புதுசு, அழுக்காயிடும்" என்றாள். நாம் எல்லாரும் தலைக்குக் குளித்து, தோய்த்த துணி கட்டிக்கொண்டு போயிருந்தோம். கலா கல்யாணத்துக்கு எடுத்த சேலையில் ஒன்றைக் கட்டியிருந்தாள். அந்தப் போர்வையில் நீலக் கட்டம், ஓரத்தில் எலி கடித்த ஓட்டை. இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

வண்டி உயரம். ஆயாவால் கால் வைக்க முடியவில்லை. நான் முன்யோசனையாகச் சாப்பாட்டு மணையை எடுத்துவந்திருந்தேன். அதைக் கீழே போட்டு, ஒரு பக்கம் மணி, ஒரு பக்கம் உன் அப்பா பிடித்து ஏற்றினார்கள். அத்தை முந்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, "எனக்கு வாந்தி வரும்" என்றாள். அவளுக்கு ஜென்மத்தில் வாந்தி வந்ததில்லை. அதனால்தான் வீட்டுக்கு மருமகளாய் வந்தவள் நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன். போனது நல்லதாயிற்று என்று பிறகு தெரிந்தது, ஆனாலும் அவள் செய்தது செய்ததுதான்.

உன் அப்பா ஒரு சாமானை வாங்குகிறார் என்றால் அதைச் சும்மா பார்க்க மாட்டார், தினமும் படுகிற பாட்டை அதைப் படவைத்துப் பார்ப்பார். அன்றைக்கும் அப்படித்தான். முதலில் நம் தெருவுக்குள் கொண்டுவரச் சொன்னார். அம்மன் கோயில் முனையில் வண்டி திரும்பவில்லை. மணி முன்னாலும் பின்னாலும் எடுத்து எடுத்துத் திருப்பினான். "தெனம் இத்தினி தபா சுக்கான் ஒடிச்சா கை கயண்டுடும் மாமா" என்றான். அடுத்து உன் அப்பா கடைக்கு விடச் சொன்னார். கடையில் நிறுத்தி ஒரு மூட்டை சிமெண்ட்டை நம் இரண்டு பேர் காலுக்கு நடுவில் ஏற்றினார். கடைக்கும் ஆகுமா, வீட்டுக்கும் ஆகுமா என்று பார்க்கிறாராம். அப்புறம் செம்பாக்கம் ஏரிப் பக்கம் குண்டும் குழியுமான ரோட்டில் விடச் சொன்னார். கடைசி பெஞ்சில் நீயும் நானும் எகிறி எகிறி விழுந்தோம், உன் தலை கூரையில் இடித்தது. "ஆயா, குலுங்குதா?" என்று உன் அப்பா தன் அம்மாவைக் கேட்டார். "மாட்டு வண்டில உக்காந்து உன்னை வவுத்துல சொமந்தவடா நானு" என்றாள் ஆயா.

மேடவாக்கம் தாண்டிச் சோழிங்கநல்லூர் வந்தபோது சிமெண்ட்டு மூட்டையையே எல்லாரும் மறந்துவிட்டோம். கோவளம் போகலாம் என்று கலாதான் ஆரம்பித்தாள். வழியெல்லாம் பேச்சு. கடைசி பெஞ்சில் ஜன்னல் பாதிதான் திறக்கும், வெயிலில் தகரம் கொதித்தது, டீசல் வாடை வேறு. ஆனாலும் நீ எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய், உன் முட்டி என் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது. பெரிய ஆளாகிவிட்ட பிறகு நீ என் எதிரில் உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பேசியதே இல்லை. சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொள்வாய், கேட்டதற்கு 'ம்' என்பாய். அன்றைக்கு வேறு வழியில்லை, பார்க்கிற பக்கமெல்லாம் நான்தான். எதைப் படிக்க ஆசை, எந்த வாத்தியாரைப் பிடிக்காது, மெஷின் என்றால் எவ்வளவு பிடிக்கும் என்று கேளம்பாக்கம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்குப் பாதி புரியவில்லை. புரியாததை நான் கேட்கவும் இல்லை, கேட்டால் நிறுத்திவிடுவாய் என்று பயம்.

கோவளத்தில் கடற்கரையில் மீன் விற்கிற பெண்பிள்ளைகள் வண்டியைச் சுற்றி வந்துவிட்டார்கள். கூடை நிறைய வஞ்சிரமும் சங்கராவும். ஒருத்தி வண்டியைக் கையால் தடவிக்கொண்டே கேட்டாள், "இன்னாக்கா, புச்சா எடுத்தீங்களா? சோக்கா கீது." உன் அப்பா அந்தப் பக்கம் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான், "ஆமா, நம்ம வண்டிதான்" என்றேன். "கண்ணு பட்டுடப் போவுது, போனதும் சுத்திப் போடு" என்று சொல்லி ஒரு மீனைக் கூடவே போட்டாள். நம் வண்டிதான் என்று சொல்லிவிட்டதால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சொந்த வண்டியில் மீன் வைக்க யாரைக் கேட்கவேண்டும்? கூடை நிறைய வாங்கிக் கடைசியில் ஏற்றிவிட்டேன். ஐஸ் உருகி, மீன் தண்ணி சிமெண்ட்டு மூட்டைக்குக் கீழே ஓடிக் கால்மிதி முழுக்க ஊறிப்போனது. இரவல் வண்டியில் மீன் ஏற்றினவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மணையைக் கடற்கரையிலேயே மறந்துவிட்டோம். வழியில் இளநீர்க் கடையில் இறங்கின ஆயா திரும்ப ஏற முடியாமல் நின்றாள். உன் அப்பா சட்டென்று அவளை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே உட்காரவைத்தார். "கண்ணாலத்துல உங்கப்பன்கூட என்னைத் தூக்கலடா" என்றாள் ஆயா. மணி சிரித்த சிரிப்பில் வண்டி எடுக்க நேரமாயிற்று. அத்தைகூடச் சிரித்தாள். உன் அப்பாவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், நம் இரண்டு பேரையும் பார்த்து. அந்த முகத்தைப் பார்த்து நான் நினைத்தேன், வாங்கிவிடுவார். எங்கே நிறுத்துவது, எந்த மரத்தடி என்றுகூட யோசித்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் ஒவ்வொருத்தராகக் கேட்டார். மணி, "இன்ஜின் ஜம்முனு கீது மாமா. டீசல் வண்டி, தெனம் ஓட்னாத்தான் கட்டுப்படியாவும்" என்றான். அத்தை, "ஜன்னலோரம் நல்லா காத்து வருது" என்றாள், அவளுக்குத் தெரிந்தது அதுதான். கலா, "எல்லாரும் ஒண்ணா போலாம் நைனா" என்றாள். என்னை மட்டும் கேட்கவில்லை. கேட்கவேண்டியதில்லை என்று நானும் இருந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கம் கூட்டு ரோட்டில் டீக்கடை ஓரம் நிறுத்தினார்கள். இன்னும் இருட்டவில்லை. எல்லார் கையிலும் டீ. இன்ஜினை நிறுத்தினதும் உன் அப்பா என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சாமான் விலை சொல்கிற குரலில் சொன்னார், "வண்டி நல்ல வண்டிதான். ஆனா நமக்கு வேணாம். கலா தையில போயிடும். இவன் காலேஜிக்குப் போயிடுவான், அப்புறம் வேலைன்னு எந்த ஊரோ. ஆயா எத்தினி நாளைக்கு? பட்டம்மா அவ வூட்டுக்குப் போவா. கடசில நீயும் நானும். ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தாம்பெரிய வண்டி?" ஆயா டீயை ஊதிக்கொண்டே, "நான் சாவறதையும் கணக்குல சேத்துட்டியா, ஷோக்கு" என்றாள். கலா தலையைக் குனிந்துகொண்டாள். நான் உன்னைப் பார்த்தேன். முகத்துக்கு நேரே இருந்தாய். நீ சொன்னாய், "நைனா சொல்றது கரெக்டுதாம்மா." நீ சின்னப் பையன், கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறவன். அதை உன் மேல் குறையாக நான் வைக்கவில்லை. வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

மீன் வாடையோடு வண்டியைக் கொண்டுபோய் விட்டோம். அந்த அம்மா போர்வையை இரண்டு விரலால் தூக்கினாள், கால்மிதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உன் அப்பா சாரிடம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கியிருந்தால் அந்த வாடை நம் வாடை, நாம் பார்த்துக்கொண்டிருப்போம். மறுநாள் உன் அப்பாவே ஆள் அனுப்பிக் கழுவிக் கொடுத்தார். அடுத்த மாதம் கடைக்கு ஒரு சரக்கு வண்டி வாங்கினார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மூட்டை. அதுதான் லாபம் கொடுத்தது, பொய் சொல்லக்கூடாது. அதில்தான் கலா கல்யாணமும் நடந்தது, உன் காலேஜும் நடந்தது.

அவர் கணக்கு அப்படியே நடந்தது. கலா வேலூருக்குப் போனாள். ஆயா போய்ச் சேர்ந்தாள். அத்தை அவள் வீட்டுக்குப் போனாள். மணி திருமுடிவாக்கத்தில் பட்டறை போட்டான், அங்கேயே வீடும் பார்த்துக்கொண்டான். நீ ஓசூர். கடைசியில் நீயும் நானும் என்றாரே, அந்த நாளுக்காக நான் காத்திருந்தேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. பெரிய வண்டி இல்லாவிட்டால் போகிறது, ஸ்கூட்டர் இருந்தது. கோவளத்துக்கு இரண்டு பேர் ஸ்கூட்டரில் போகலாம். அந்தப் பெண்பிள்ளை இன்னும் மீன் விற்கிறாளா என்று பார்த்துவிட்டு வரலாம். கேட்டால், "கடையை யார் பாக்கறது, பொங்கல் கழிச்சுப் போலாம்" என்பார். ஒவ்வொரு பொங்கலும் கழிந்தது. ஒரு நாள் காலையில் கடையில் உட்கார்ந்த மேனிக்குச் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வேனில் நீ இருந்தாய், கலா இருந்தாள், மணி, அத்தை, நான். அதிலும் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. எல்லாரும் ஒரே வண்டியில் ஒன்றாக வீட்டு வாசலில் போய் இறங்கினோம். அன்றைக்கு உன் முட்டி என் முட்டியில் படவில்லை. நடுவில் அவர் படுத்திருந்தார்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். மணியைக் கேட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கிறவனுக்கு டீசல் வண்டி தண்டம், சின்ன பெட்ரோல் வண்டிதான் லாயக்கு, திருப்பி விற்கும்போதும் சின்ன வண்டிக்கு உடனே ஆள் வரும் என்கிறான். நீ தினமும் கம்பெனிக்கு ஓட்டுகிறாய் என்றால் பெரியதும் கட்டுப்படியாகும் என்கிறான். அவன் சொல்வது நியாயம். நான் சொல்வது வேறு. கடைக்காரன் காட்டுகிற வழவழப்பான ரோட்டில் ஓட்டிப் பார்க்காதே, நீ தினமும் போகிற ரோட்டில் ஓட்டு. உன் தெருவில் திருப்பிப் பார். உன் பெண்டாட்டி சேலை கட்டிக்கொண்டு, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிப் பார்க்கட்டும். பெரியவனைக் கடைசி சீட்டில் உட்காரவைத்துப் பள்ளத்தில் இறக்கு, தலை இடிக்கிறதா என்று கேள். அவன் அங்கேயிருந்து பேசினால் உன் காதுக்கு வருகிறதா என்று பார். கண்ணாடி முழுக்கத் திறக்கிறதா பார். அப்புறம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீயே அவனுக்கு எதிரே போய் உட்கார். வேறு யாராவது ஓட்டட்டும்.

எனக்காகச் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். எனக்காகவும்தான். நாங்கள் நாலு பேர் என்றாயே, அந்தக் கணக்கில் என்னை எந்த இடத்தில் கழித்தாய் என்று போனில் கேட்க வாய் வரவில்லை. கூட ஒரு சீட்டு இருந்தால் அது எப்போதும் ஆளோடு இருக்கவேண்டும் என்று இல்லை. காலியாக ஒரு இடம் இருந்தால் கூப்பிடத் தோன்றும், அவ்வளவுதான். பெரிய வண்டி வாங்கினாயானால் தாம்பரம் வந்து என்னை ஏற்றிக்கொண்டு கோவளம் போ. என் முழங்காலும் இப்போது ஆயா முழங்கால் மாதிரிதான், மணையும் இல்லை. தூக்கி உட்காரவை. ஆயாவைவிட நான் எடை குறைவு. மீனுக்கு நான் மூடி போட்ட டப்பா கொண்டுவருகிறேன்.

என் மனசு நோகச் செய்தவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டேன். போர்வை விரித்த அம்மாவை மன்னித்து விட்டுவிட்டேன், சீட்டுத் துணி நிஜமாகவே புதுசுதான், நாம் நிஜமாகவே பாழாக்கினோம். ஜன்னலோரம் உட்கார்ந்த பட்டம்மாளை விட்டுவிட்டேன், அவளால்தான் எனக்கு உன் எதிரில் இடம் கிடைத்தது. தவணை என்று சொன்னதற்கு அவளை இன்னும் பாதிதான் விட்டிருக்கிறேன். ஒருத்தரை மட்டும் என்னால் விட முடியவில்லை. வண்டி வேண்டாம் என்றதற்காக இல்லை. நம் எல்லாரையும் ஒவ்வொருத்தராகச் சரியாகக் கழித்துவிட்டு, கடைசியில் மிச்சம் இரண்டு பேர் என்று எல்லார் எதிரிலும் என்னிடம் சொன்னதற்காக. மிச்சம் நான் ஒருத்தி. பேர் சொன்னால் ஆயுசு குறையும் என்றுதான் இத்தனை வருஷம் வாயைக் கட்டிவைத்திருந்தேன். இனிமேல் குறைய என்ன இருக்கிறது? எழுதுகிறேன், பார்.

ஏகாம்பரம்.